அப்பா சாப்பிட்டிருப்பார்

2009-ஆம் வருஷம். சிந்தாதிரிப்பேட்டையைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவன் பிரெஞ்சு நோட்டில் ஒரு வாக்கியம் எழுதினான். "மோன் பேர் செரா மான்ஜே அவான் நெவ் எர்." ஒன்பது மணிக்குள் அப்பா சாப்பிட்டிருப்பார் என்பதுதான் அவன் சொல்ல நினைத்தது. எழுதியதற்கு அர்த்தமோ வேறு: "ஒன்பது மணிக்குள் என் அப்பா தின்னப்படுவார்"!

"யாருப்பா அவரைச் சாப்பிடப் போறாங்க?" என்று மிஸ் கேட்டார். வகுப்பே சிரித்தது. அவனுடைய அப்பாவுக்கு சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கடை என்பது தெரிந்த பக்கத்து பெஞ்ச் நண்பன், "மீனுங்கதான் மிஸ், பழிக்குப் பழி" என்றான். அப்புறம் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

மீன் மார்க்கெட்காரர் மகனுக்கு பிரெஞ்சு எதற்கு என்று கேட்கிறீர்களா? எல்லாம் மார்க்குக்காகத்தான். அப்போது பிளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மார்க். அதில் முதல் மொழிக்கு 200. தமிழ் எடுத்தால் பக்கம் பக்கமாக எழுதணும், பிரெஞ்சு எடுத்தால் கொஞ்சம் எழுதி நிறைய வாங்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. இத்தனைக்கும் இன்ஜினியரிங் கட் ஆஃபில் மொழி மார்க் சேராது, கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மட்டும்தான். மொழிப் பாடத்தில் மிச்சமாகும் நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கலாம் என்பதுதான் திட்டம். பத்தாவது வரை தமிழ் படித்தவன், பிளஸ் ஒன்னில் பிரெஞ்சுக்குத் தாவினான். வீட்டில் பாட்டிக்கு மட்டும் வருத்தம். "தமிழ்ல இன்னாடா கொறஞ்சி போச்சி?" என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருவோம். அந்தக் காலத்துக்குப் பெயர் ஃப்யூத்யூர் ஆன்தேரியேர். எதிர்காலத்தில் ஒரு நேரத்துக்குள், அல்லது இன்னொரு செயலுக்கு முன்னால், முடிந்துவிட்டிருக்கும் செயலைச் சொல்வது. செய்முறை சுலபம்தான். 'அவ்வார்' அல்லது 'எத்ர்' என்ற துணைவினையை எதிர்காலத்தில் போட்டு, பக்கத்தில் முக்கிய வினையின் இறந்தகால எச்சத்தை வைக்க வேண்டும். அவ்வார் என்றால் ஓரே, ஓரா, ஓரா, ஓரோன், ஓரே, ஓரோன். எத்ர் என்றால் செரே, செரா, செரா, செரோன், செரே, செரோன். எழுதும்போது ஆறும் ஆறு விதம், காதில் விழுவது மூன்றே ஒலி. (டிக்டேஷனில் மார்க் போவது இங்கேதான்.) எச்சத்துக்குப் பொதுவான வழி உண்டு. பேசுவது பார்லே, முடிப்பது ஃபினி, விற்பது வான்த்யூ. வழிக்கு வராத ப்ரீ, ஃபே, மீ மாதிரியான ஆட்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

ஆக, அவன் எழுதியிருக்க வேண்டியது "ஓரா மான்ஜே". அவ்வாருக்குப் பதில் எத்ர் போட்டதில் அப்பா மீனுக்கு இரையாகிவிட்டார்.

ஆனால் அந்தத் தப்பு சும்மா வந்ததில்லை. 'சாப்பிட்டிருப்பார்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். சாப்பிட்டு + இருப்பார். சாப்பிட்டு என்பது வினையெச்சம், இருப்பார் என்பது 'இரு' என்ற துணைவினையின் எதிர்காலம். பிரெஞ்சுக்காரர்கள் துணைவினையை முன்னால் வைக்கிறார்கள், நாம் பின்னால் வைத்து ஒட்டிவிடுகிறோம். மற்றபடி அதே கட்டுமானம்! வித்தியாசம் என்னவென்றால் தமிழுக்கு இந்த வேலைக்கு 'இரு' ஒன்றே போதும். வந்திருப்பார், தின்றிருப்பார், செத்திருப்பார், எல்லாவற்றுக்கும் அதுதான். 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லும் மொழிக்கு, 'அவ்வார்' மாதிரி 'உடையவனாக இரு' என்று தனியாக ஒரு வினை தேவைப்படவில்லை. தமிழ்ப் பிள்ளை கை தானாக எத்ர் பக்கம் போனதில் ஆச்சரியமென்ன?

எத்ர் எடுக்கும் வினைகள் கொஞ்சம்தான். போ, வா, ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு, பிற, இற, விழு, தங்கு... இதற்காக பிரெஞ்சு ஆசிரியர்கள் ஒரு வீட்டுப் படம் வரைவார்கள். மாடியில் ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார், ஒரு அறையில் குழந்தை பிறக்கும், இன்னொன்றில் கிழவர் இறப்பார். அவன் தன் சொந்த வீட்டையே வரைந்துகொண்டான். சிந்தாதிரிப்பேட்டைச் சந்து வீடு, ஒரு ஆள் மட்டுமே போகக்கூடிய மாடிப்படி. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா அந்தப் படியில் இறங்கி காசிமேட்டுக்குப் போவார். இறங்கு, வெளியேறு, போ. மூன்றுமே எத்ர். அம்மா கிளம்பினால் எச்சத்தின் வாலில் ஓர் எழுத்து கூடும், அம்மாவும் பாட்டியுமாகக் கிளம்பினால் இரண்டு. காதுக்கு எதுவும் தெரியாது, பேப்பர் திருத்துபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

அவனை நிஜமாகவே படுத்தியது 'கான்' என்ற சொல். 'எப்போது', 'போது' என்று அர்த்தம். "கான் த்யூ ஓரா ஃபினி, த்யூ சோர்திரா." நீ முடித்ததும் வெளியே போவாய். தமிழில் 'முடித்ததும்' என்று இறந்தகாலத்தையே போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். "நாளைக்கு நீ வந்ததும் தரேன்" என்பதில் வருகை நாளைக்கு, சொல் நேற்றையது. பிரெஞ்சுக்காரர்களிடம் அது நடக்காது. நடக்கப் போவதை எதிர்காலத்தில்தான் சொல்ல வேண்டும், அதில் எது முதலில் முடியும் என்றும் காட்ட வேண்டும். நம் ஆட்கள் இன்னும் மோசம். கூப்பிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே "தோ வந்துட்டேன்" என்பார்கள். விரைவைக் காட்ட இப்படிச் சொல்லலாம் என்று தொல்காப்பியமே அனுமதி கொடுத்திருக்கிறது, நன்னூலும் அதை ஏற்றுக்கொள்கிறது. (தமிழை விட்டு வந்தவனுக்கு இதைச் சொன்னவர் பிரெஞ்சு மிஸ்தான்.)

இந்தக் காலத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, ஊகம். ஆள் வரவில்லை, "இல் ஓரா ராத்தே ல் த்ரேன்", ரயிலை விட்டிருப்பான். இதை அவன் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. மழை ராத்திரிகளில் அப்பா திரும்ப நேரமானால் அம்மா வாசலில் நின்று சொல்வதெல்லாம் இதுதானே? "வண்டி கெடச்சிருக்காது." "தண்ணி நின்னிருக்கும்." "எங்கனா ஒதுங்கியிருப்பாரு."

டிசம்பரில் மிஸ் ஒரு ஹோம்வொர்க் கொடுத்தார். இன்னும் பத்து வருஷத்தில் நீங்கள் என்னென்ன செய்து முடித்திருப்பீர்கள்? பத்து வாக்கியம், எல்லாம் ஃப்யூத்யூர் ஆன்தேரியேர். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்தபோது அவன் ஏழாவது வாக்கியத்தில் இருந்தான்.

"இன்னாடா எழுதற, இந்நேரத்துல?"

"பிரெஞ்சுப்பா. பத்து வருஷத்துல நான் படிச்சிருப்பேன், வேலைக்குப் போயிருப்பேன், வீடு கட்டியிருப்பேன்னு எழுதணும்."

அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே சிரித்தார். "படிச்சிருப்பேன்னு நான்டா சொல்லணும். எங்கப்பன் அஞ்சாவதோட நிறுத்தாம இருந்திருந்தா நானுந்தான் படிச்சிருப்பேன்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அதே சொல்! மகன் சொன்னபோது நடக்கப் போவது, அப்பா சொன்னபோது நடக்காமல் போனது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் சென்னையைப் பிடித்து, 1749-ல் ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1734-ல் நெசவாளர்களுக்காக உண்டான சின்னத்தறிப்பேட்டைக்கு அப்போது பதினைந்து வயது. திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் நாமும் பிரெஞ்சு பேசியிருப்போம். இந்தப் 'பேசியிருப்போம்' அப்பா சொன்ன ஜாதி.

மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டான். அவர் போர்டில் இரண்டையும் எழுதிக் காட்டினார். 'நான்' என்று வரும்போது இரண்டுக்கும் நடுவே கடைசியில் ஓர் 'எஸ்' மட்டும்தான் வித்தியாசம், பலருடைய பேச்சில் அதுவும் கேட்காது. எஸ் இல்லாவிட்டால் நடந்து முடிந்திருக்கும். எஸ் வந்தால் அது வேறு காலம், நடந்திருக்கலாம், நடக்கவில்லை. அவனுடைய பத்தில் இரண்டு வாக்கியங்களில் அந்த எஸ் தவறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, படிப்பை முடித்திருப்பேன். இன்னொன்று, அப்பாவுக்கு ஐஸ் பெட்டி வைத்த வண்டி வாங்கியிருப்பேன். இரண்டையும் ரப்பர் தேய்த்து அழித்தான்.

'அவர்' என்று வந்தால் குழப்பமே கிடையாது. நடக்கப் போவது ஓரா, நடக்காமல் போனது ஓரே. ஒலியே வேறு. நோட்டைக் கொடுப்பதற்கு முன் பதினொன்றாவதாக ஒரு வாக்கியம் சேர்த்தான். என் அப்பா படித்திருப்பார். அதில் ஓரே போட்டான். "பத்துதானே கேட்டேன்" என்றபடியே மிஸ் அதற்கும் ஒரு டிக் போட்டார்.

2019-ல் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தபோது பத்தில் ஆறு நடந்திருந்தது. வீடு இல்லை. வண்டி வாங்கியிருந்தான், ஐஸ் பெட்டியோடு. அப்பா அப்போதும் இரண்டு மணிக்கு அதே படியில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.