தாஜ்மகால் பெட்டியும் நம்ம ஊர் மழையும்

துபாயிலிருக்கும் அக்கா மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் லெகோ பெட்டிகள் கொண்டுவருகிறான். பிரிக்கக் கூடாதாம், பூதப்பாண்டி வீட்டுப் பரணில் அப்படியே இருக்க வேண்டுமாம். தயாரிப்பை நிறுத்தப் போகிற செட்டாகப் பார்த்து வாங்கினால் பின்னால் விலை ஏறும் என்பது அவன் கணக்கு.

கணக்கில் உண்மை இருக்கிறது. 1987 முதல் 2015 வரையிலான செட்டுகளை ஆராய்ந்த ரஷ்யப் பொருளாதார அறிஞர்கள், ஆண்டுக்குச் சராசரி 11 சதவீத லாபம் என்றார்கள். ஆனால் அது சராசரிதான். 2008-இல் வந்த தாஜ்மகால் செட்டையே பாருங்கள். மொத்தம் 5,922 துண்டுகள். தயாரிப்பு நின்றதும் விலை பல மடங்கு ஏறியது. 2017-இல் கம்பெனியே ஏறக்குறைய அதே தாஜ்மகாலை மறுபடி இறக்கியது. பழைய பெட்டியின் மவுசு சரிந்தது.

இன்னொன்று, பெட்டிக்கும் சேர்த்துத்தான் விலை. மூலை நசுங்கினாலோ சீல் விட்டாலோ வாங்குகிறவர் குறைத்துத்தான் கேட்பார். நமக்கோ ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. போன மழைக்கு ஒரு பெட்டியின் அடி அட்டை நமுத்து, தொட்டால் விரல் பதிகிறது.

மக்ளே, அந்தப் பெட்டியையாவது பிரிச்சு உன் பிள்ள கையில குடு. ஆசையா பாத்துக்கிட்டே நிக்கா.