நான்கில் ஒன்று

வண்டி நின்றால் அதனை நம்பி வாழும் வீட்டின் அடுப்பும் நிற்கும். மாட்டு வண்டிக் காலத்திலும் இதுவே உண்மை. மின்கல வண்டிக் காலத்திலும் அது மாறிவிடவில்லை.

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. அங்கே நம் தங்கை மகன், மூன்று சக்கர மின்சாரச் சரக்கு வண்டியில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்து வருகிறான். பௌர்ணமி நெருங்கும் நாள்களில்தான் அவனுக்கு நாலு காசு மிஞ்சும். அப்படியொரு பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கையில் வாடிய முகத்தோடு நம்மிடம் வந்தான்.

"மாமா, காலையில் நன்றாகத்தான் ஓடுகிறது. பதினைந்து கிலோமீட்டர் போனதும் மேட்டில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. நான்கு பேட்டரியையும் மாற்ற வேண்டுமாம். பணம் இல்லாவிட்டால் தவணைக்குத் தருவார்களாம், வட்டி போட்டு."

வட்டி என்ற சொல்லை அவன் தலை குனிந்தே சொன்னான். அச்சொல் நம் வீடுகளில் எவ்வளவு கனமானது என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து வாங்குவது அறிவுடைமை ஆகுமா? முதலில் சோதித்துப் பார்ப்போம் என்றோம்.

அவன் வண்டியில் 12 வோல்ட் ஈய அமில மின்கலங்கள் நான்கு, சங்கிலிபோல் தொடராக இணைக்கப்பட்டு 48 வோல்ட் தருகின்றன. 1859-இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே கண்ட அதே ஈயமும் கந்தக அமிலமுந்தான் இன்றும் அதன் உயிர். நிற்கும் வண்டியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். நான்கும் 12.5-க்கும் 12.7-க்கும் இடையில் காட்டின. குறையேதும் இல்லையே என்று அவன் மகிழ்ந்தான். ஆனால் ஓய்வில் இருப்பவனின் வலிமையைச் சுமை தூக்கும்போதன்றோ அறிய முடியும்! ஆகவே சரக்கை ஏற்றி அவனை மேட்டில் ஓட்டச் செய்து, நாம் பின்னால் அமர்ந்து அளந்தோம். மூன்று மின்கலங்கள் 11.6-இல் நின்றன, மூன்றாம் இடத்திலிருந்தது மட்டும் 8.2-க்குச் சரிந்தது. அதன் முனைக்கும் கம்பிக்கும் இடையே மேலும் ஒரு வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது. கூட்டிப் பார்த்தால் மீதம் 42 வோல்ட். அந்த அளவுக்கு இறங்கினால் ஓட்டத்தை நிறுத்தும்படி அமைந்தது அவ்வண்டியின் கன்ட்ரோலர். மர்மம் விளங்கிவிட்டது.

முனையில் வெண்ணிறப் பூப்புப் படர்ந்திருந்தது. கம்பியைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் மூடிக்குள் ஒரு துளியும் புகாதபடி கழுவி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினோம். பின் மூடிகளைத் திறந்தோம். ஓர் அறையில் தகடுகள் நீருக்கு மேலே தெரிந்தன. வெயிற்காலத்தில் நீர் விரைவில் வற்றும். வெளியே தெரியும் தகடு கெடும். ஹைட்ரோமீட்டர், மற்ற அறைகளில் 1.26 காட்டியது, நீரைத் தகடு மூழ்கும் மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏற்றிய பின்னும் அந்த அறையில் 1.18-தான். அந்த மின்கலத்தை மட்டும் தனிச் சார்ஜரில் இரவு முழுதும் மெல்ல ஏற்றினோம். காலையில் 1.23-க்கு வந்தது. அதன் பிறகே குறிவரை நீர் நிரப்பினோம்.

புதிதில் எழுபது கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது நாற்பத்தைந்து ஓடுகிறது. இழந்த இளமை முழுதும் திரும்பவில்லை. எனினும் பௌர்ணமிச் சரக்கு ஊர் சேர்ந்தது. புதிய மின்கலங்களுக்கென அவன் இப்போது நாள்தோறும் சிறு தொகை ஒதுக்குகிறான், வட்டியின்றி வாங்க.

இத்தொழிலில் இருப்போர்க்குச் சில சொற்கள். ஊற்ற வேண்டியது பேட்டரி தண்ணீரே. குழாய் நீரும் அமிலமும் ஆகா. சார்ஜ் ஏறுகையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகே பீடியும் தீக்குச்சியும் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டே ஸ்பேனரைத் தொடுக. பழைய மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் பழையவை புதியதையும் விரைவில் தளரச் செய்யும். லித்தியம் மின்கலமாயின் பெட்டியைத் தாமே திறத்தல் ஆகாது.

இவற்றையெல்லாம் ஆராயும் பெருங்கூடம் நம் தமிழகத்திலேயே உள்ளது. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. நம் பிள்ளைகள் அங்கும் செல்ல வேண்டும். அதற்குமுன் தம் தெருவில் நிற்கும் வண்டியின் மூடியையும் திறந்து பார்க்க வேண்டும்.

தொடராகப் பிணைந்தவற்றுள் ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றின் வலிமையும் பயனற்றுப் போகும். தளர்ந்ததை அறியாமல் நான்கையும் வீசுவது செல்வர்க்கு எளிது. எது தளர்ந்தது, ஏன் தளர்ந்தது என்று குனிந்து பார்த்து அதற்கு நீர் வார்ப்பதே நம் போன்ற குடும்பங்களைக் காக்கும். மின்கலத்துக்கு மட்டுமா இது பொருந்தும்?