நாலு கலருக்கு அஞ்சு ஸ்க்ரீன்

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966-ல தேசியப் பாதுகாப்பு கவுன்சில் ஆரம்பிச்ச நாள். மத்த ஊர்ல எப்படியோ, சிப்காட் இருக்கிற எங்க ஓசூர்ல அது டீ-சர்ட் சீசன். ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு கலர் பிரிச்சு பிலிம் போட்டுக் கொடுக்கிறது அடியேன் வேலை.

ஒரு கம்பெனிக்காரர் வந்தார். நேவி ப்ளூ டீ-சர்ட். மஞ்சள் ஹெல்மெட், சிவப்பு எழுத்து, பச்சை க்ராஸ், கறுப்பு அவுட்லைன்.

"நாலு கலருக்கு எதுக்கு தம்பி அஞ்சு ஸ்க்ரீன்? அத்திப்பள்ளியில நாலுக்குத்தான் காசு கேக்கறாங்க."

பார்டர் தாண்டினா ரேட் குறையுதுன்னா நம்ம பட்டறைக்கு வேலை போச்சு. ஆனா அந்த அஞ்சாவதுலதான் விஷயமே இருக்குங்க. பேரு அண்டர்பேஸ். மை துணியோட நிறத்தை முழுசா மறைக்காது. நீலத்து மேல மஞ்சளை நேரா அடிச்சா பாசி பிடிச்ச மாதிரி வரும். அதனால அடியில முதல்ல வெள்ளை.

வெள்ளைக்கு பிலிம் போடறது இப்படி: மஞ்சள், சிவப்பு, பச்சை வர்ற இடத்தையெல்லாம் ஒண்ணா சேர்க்கணும். கறுப்பை விட்டுடலாம், அது துணி மேலயே நிக்கும். அப்புறம் ஓரத்தை ஒரு பாயிண்ட், அதாவது 0.35 மி.மீ., உள்ளே சுருக்கணும். இல்லேன்னா ஸ்க்ரீன் லேசா நகர்ந்தாலே வெள்ளை எட்டிப் பார்க்கும். ஹெல்மெட்ல நிழல் விழற இடத்துல முழு வெள்ளை கூடாது, புள்ளி புள்ளியா குறைக்கணும். துணியோட இருட்டே நிழலாயிடும்.

வெள்ளைக்கு 43T மாதிரி பெரிய கண் மெஷ். அப்பதான் மை தாராளமா இறங்கும். மேல் கலருக்கு 77T. பிளாஸ்டிசால் மைன்னா, வெள்ளையை அடிச்சதும் தொட்டா ஒட்டாத அளவுக்கு மட்டும் சூடு காட்டணும். முழுசா வெந்துட்டா மேல் மை பிடிக்காது. கடைசியாத்தான் 160 டிகிரி. பாலியெஸ்டர் துணின்னா இன்னும் உஷார்: அந்தச் சூட்டுல சாயம் ஏறி, சிவப்புத் துணி மேல அடிச்ச வெள்ளை ரோஸாயிடும்.

இவ்வளவும் சொன்னா யார் கேட்பா? ஒரே டீ-சர்ட்ல பாதிக்கு அண்டர்பேஸோட, பாதிக்கு இல்லாம அடிச்சு வெயில்ல பிடிச்சுக் காட்டினோம். ரெண்டு நிமிஷம் பார்த்தார்.

"இதுல வெள்ளை எங்கே தம்பி?"

"தெரியக் கூடாதுங்கண்ணா."

அஞ்சாவது ஸ்க்ரீனுக்குக் காசு வந்துடுச்சு. நடுவுல சூடு காட்டின கரண்ட்டுக்குத்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது!