கண்ணாடியில் வார்க்கும் கல்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் எந்தக் கொட்டகைக்குள் போனாலும் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டம் வைத்து, சட்டத்துக்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் கலர்க் குழம்பை ஊற்றுகிறார்கள். வெள்ளை சிமெண்டும் மணலும் ஆக்சைடு பொடியும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு அது. அச்சை நேராகத் தூக்கி எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல், இடைவெளியும் விடாமல் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் சாய்த்துத் தூக்கினாலும் பூவின் இதழ் இழுபட்டுவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் சாதாரணக் கலவையை நிரப்பி மட்டம் பிடிக்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறல். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தெடுத்தால், அதை ஒட்டியிருந்த பக்கமே கல்லின் முகம். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது. அந்த மினுமினுப்பு முழுவதும் கண்ணாடி கொடுத்தது.

இந்தத் தொழிலை நடத்துபவை பெரும்பாலும் குடும்பப் பட்டறைகள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்த பட்டறையை இனி எப்படி நடத்துவது என்ற கேள்வி இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் யோசனைகள் இரண்டு. மெஷின் போடுங்கள் என்பது ஒன்று. மரபு இது, எதையும் தொடாதீர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் பட்டறையைக் கெடுக்கும் என்றே நினைக்கிறேன். கண்ணாடியின் மேல் நடக்கும் வேலை அப்படியே இருக்க வேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை அனைத்தும் மாற வேண்டும். அளவு, பொட்டலம், பில், பதிக்கும் முறை, எல்லாவற்றுக்கும் முதலாகக் கூலி.

மரபைத் தொடாதே என்பவர்களுக்கு இந்தக் கல்லின் பிறப்பே பதில் சொல்கிறது. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் செய்த செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார், பர்மா தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். ஐரோப்பாவிலிருந்து பூ ஓடுகளும் வந்தன. அந்த ஓடுகளின் கோலத்தை உள்ளூர் மணலில் வார்த்துக் காட்டிய கைகளால் உருவானது ஆத்தங்குடிக் கல். சிமெண்ட், கண்ணாடி, ஆக்சைடு நிறம் மூன்றுமே அன்றைக்கு இந்த ஊருக்குப் புதுச் சரக்கு. 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே போற்றப்படும் வீடுகளே உலகச் சந்தையோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் கட்டியவைதான். புதியதை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்ட தொழிலை, இனி எதையும் எடுக்காதே என்று நிறுத்திவைப்பதில் நியாயம் இல்லை.

மெஷின் கேட்பவர்களின் வாதம் இதைவிடக் கனமானது. கையால் ஊற்றினால் ஒரு நாள் உற்பத்தி மிகக் குறைவு, பெரிய ஆர்டர் வந்தால் பட்டறை திணறும், பெருக்காமல் புதுச் சந்தைக்கு எப்படிப் போவது என்கிறார்கள். ஆனால் அந்த மெஷின் ஏற்கனவே உலகில் இருக்கிறது. சிமெண்ட் ஓட்டை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திச் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியது. இன்று மொராக்கோவிலும் வியட்நாமிலும் அப்படித்தான் செய்கிறார்கள், உலகெங்கும் விற்கிறார்கள். அழுத்திய ஓட்டின் முகம் மங்கலாக இருக்கும், கண்ணாடியில் வார்த்த முகம் மினுங்கும். பிரஸ் வாங்கிப் போடும் ஆத்தங்குடிப் பட்டறை, தன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் ஒரே குணத்தையும் கொடுத்துவிட்டு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆலைகளோடு விலைப்போட்டிக்குப் போய் நிற்கும். இன்னொரு பக்கம் குஜராத்தின் மோர்பி ஆலைகள். பீங்கான் ஓட்டில் எந்தக் கோலத்தையும் அச்சடித்துவிட அவர்களால் முடியும், ஆத்தங்குடிப் பூவையும் சேர்த்து. அவர்களுடைய நிறம் மேற்பரப்பில் ஒரு படலம். இங்கே அது சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கல்லோடு கல்லாக இறங்கியிருக்கிறது, தேயத் தேயத் தெரியும். விலையிலும் வேகத்திலும் மோர்பியை எந்தக் குடும்பப் பட்டறையும் வெல்லப்போவதில்லை. அந்தப் போட்டிக்கே போகாமல் இருப்பதில்தான் பிழைப்பு இருக்கிறது.

அப்படியானால் புதுச் சந்தையில் தடை எங்கே? பட்டறைகளைப் பார்த்துவிட்டு யோசித்தால், கல் கொட்டகையை விட்டு வெளியேறிய பிறகே சிக்கல் தொடங்குவது தெரிகிறது. பத்து அங்குலச் சதுரக் கல் ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 1,440 கல். எடை மூன்றரை டன்னைத் தாண்டும். கப்பலில் அனுப்பினால் கன்டெய்னர் பாதி நிரம்புவதற்குள் எடை வரம்பு முடிந்துவிடும். ஏற்றுமதி என்ற சொல்லில் மயங்காமல் பெங்களூரு, கொச்சி, ஐதராபாத் என்று லாரி போகும் ஊர்களை முதலில் பிடிப்பதே சரியான கணக்கு. அங்கேயும் வைக்கோல் திணித்து அனுப்பினால் விளிம்பு உடைந்துதான் போய்ச் சேரும். கையால் மட்டம் பிடித்த கல்லில் கனம் கொஞ்சம் கூடக்குறைய இருப்பது இயல்பு. காரைக்குடிக் கொத்தனாருக்கு அது தெரியும். கலவையைத் தடிமனாகப் போட்டு, ஒவ்வொரு கல்லையும் தட்டிச் சமன் செய்துவிடுவார். விட்ரிஃபைடு ஓட்டைப் பசையில் ஒட்டிப் பழகிய நகரத்துக் கொத்தனார் அதே மாதிரி இதை ஒட்டினால் தரை மேடும் பள்ளமுமாகிவிடும். அவசரத்தில் ஊறலைக் குறைத்து அனுப்பிய கல்லில் உப்புப் பூக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ எலுமிச்சைச் சாற்றையோ சிந்தினால் சிமெண்ட் முகம் அரிபடும். வீட்டுக்காரர் கண்ணில் இவையெல்லாம் ஆத்தங்குடிக் கல்லின் குறைகள். பார்க்கப்போனால் இவற்றில் பாதி, யாரும் சொல்லிக்கொடுக்காததால் வந்தவை.

எனவே குடும்பத்தில் படித்த பிள்ளை பட்டறைக்குத் திரும்பினால், பிரஸ்ஸுக்கு வைத்திருக்கும் காசை இந்தக் குறைகளைத் தீர்ப்பதில் போடட்டும். கனத்தை அளந்து கல்லை ரகம் பிரிப்பது, ஒரே ஆர்டருக்கு ஒரே கலவையில் நிறம் எடுப்பது, ஊறிய நாளைப் பெட்டியின் மேல் எழுதுவது, இவற்றுக்கு நோட்டுப் புத்தகமும் ஒழுங்கும் போதும். நகரத்து ஆர்டருக்குக் கல்லோடு இங்கிருந்தே ஒரு கொத்தனாரையும் அனுப்பி, அவர் கூலியைப் பில்லில் சேர்ப்பது இன்னும் நல்லது. மணல் தட்டுப்பாட்டில் எம்-சாண்டுக்கு மாறும் பட்டறை, மாதிரிக் கற்களை வார்த்து ஊறவைத்துப் பார்த்த பின்பே விற்கட்டும். வரிக் கணக்கும் சந்தையைத் தீர்மானிக்கிறது. ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. கொச்சி ஆர்டர் வேண்டுமென்றால் முறையான பதிவுக்கு மாறியே ஆக வேண்டும். பணம் வருவதும் அப்படித்தான். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கட்டுமானக் கம்பெனியிடம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும் பட்டறைக்கு எந்த மெஷினையும்விட இந்தச் சட்டம் உதவும்.

புவிசார் குறியீடே எல்லாவற்றையும் காக்கும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பவானி ஜமக்காளத்துக்கு அது கிடைத்து ஏறக்குறைய இருபது ஆண்டாகிறது. போதாததற்கு 1985-ஆம் ஆண்டின் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியும் வைத்திருக்கிறது. இருந்தும் விசைத்தறிப் போலிகள் கடைகளை விட்டுப் போகவில்லை. குறியீடு பெயரைக் காக்கும், கோலத்தைக் காக்காது. அதுவும் ஆத்தங்குடிக் கோலங்களில் பல ஐரோப்பிய ஓடுகளிலிருந்து வந்தவை எனும்போது, பூவுக்கு உரிமை கொண்டாடுவது கடினம். ஊருக்கே உரிமையானது கண்ணாடியில் வார்க்கும் கைப்பழக்கம். அந்தக் கை பட்டறையில் தங்குமா என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் கேள்வி.

கூலி பெரும்பாலும் கல் கணக்கில். மழை பெய்து கல் காயாத நாளிலும் ஆர்டர் இல்லாத மாதத்திலும் வருமானம் இல்லை. நாள் முழுவதும் தரையில் குந்தி உட்கார்ந்து வேலை. இடுப்பும் முட்டியும் தாங்குவதில்லை. சிமெண்டின் காரம் விரல் தோலை அரிக்கிறது, உலர்மணல் தூவும்போது தூசு மூக்கில் ஏறுகிறது. இந்த வட்டாரத்து இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போவதைப் பார்த்து, இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்று சொல்வது அநியாயம். அச்சை நேராகத் தூக்கக் கற்றுக்கொள்ளச் செலவாகும் காலத்துக்கு இங்கே யாரும் விலை வைக்கவில்லை. இடுப்புயர மேசை, கையுறை, முகக்கவசம், காற்றோட்டமான கொட்டகை, கற்றுக்கொள்ளும் காலத்துக்கும் மாதச் சம்பளம்: பட்டறைக்குள் முதலில் வர வேண்டிய நவீனம் இதுதான். உட்கார்ந்தால்தான் கை நிற்கும் என்று மூத்தவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் விருப்பப்படி உட்காரட்டும்; புதிதாக வருபவருக்கு மேசை இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்தால் விலை ஏறும், பணக்காரர் வீட்டுக்கு மட்டுமே இந்தக் கல் போகும் என்ற ஆட்சேபம் உண்மையான கவலையிலிருந்து வருவது. விலை ஏறத்தான் செய்யும். ஆனால் பூவில்லாத ஒற்றை நிறக் கல்லுக்கு வேலை குறைவு, விலையும் குறைவு. நடுத்தர வீட்டுக்காரர் திண்ணைக்கோ பூஜை அறைக்கோ சிவப்புக் கல்லும் சுற்றிலும் ஒரு வரிசைப் பூக்கல்லும் வாங்க முடியும். அந்தச் சிறு ஆர்டரை ஏற்கப் பட்டறைகள் தயங்குவதுண்டு, அதை மாற்றிக்கொள்ளலாம். பெரிய பங்களா ஆர்டரில் வேறொரு கணக்கைக் கேட்க வேண்டியிருக்கிறது. நகரத்துக் காட்சிக்கூடத்தில் விலை கூடும்போது, கூடிய பணத்தில் கரண்டி பிடித்தவர் கைக்கு எவ்வளவு வருகிறது? இடைத்தரகு இல்லாமல் போனிலேயே ஆர்டர் பிடிக்கும் பிள்ளைகள் இப்போது வந்திருக்கிறார்கள். தரகில் மிஞ்சும் தொகையில் ஒரு பங்கைக் கல் கூலியில் ஏற்றுவதா, புதுக் கார் வாங்குவதா என்று அவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தே, அடுத்த பங்களா ஆர்டர் வரும்போது அச்சைத் தூக்க ஊரில் ஆட்கள் இருப்பார்களா என்பது தெரியும்.