அந்த ராஜாவை உள்ளே போக வேண்டாம்னு சொல்லு!

என் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். முதல் வருஷ நாடகத் தாளில் அரியர் விழுந்தது. "இன்னொரு தடவை போச்சுன்னா நின்னுடறேம்மா. உன்கூட உட்கார்ந்து தைக்கிறேன்" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

நான் பத்தாவதோடு சரி. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். நான் மெஷின் மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்வாள். சாலிலக்வி, ஐரனி, ஃபாயில் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. மறுநாள் கேட்டால் ஒன்றின் விளக்கம் இன்னொன்றுக்குப் போயிருக்கும்.

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்டி. மொதல்ல கதையைச் சொல்லு" என்றேன்.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'. ஸ்காட்லாந்து தளபதி மேக்பெத்தும் நண்பன் பாங்க்வோவும் போர் முடிந்து வருகிற வழியில் மூன்று சூனியக்காரிகளைப் பார்க்கிறார்கள். மேக்பெத் ராஜாவாவான், பாங்க்வோவின் வம்சம் ஆளும் என்று அவர்கள் குறி சொல்கிறார்கள். ராஜா டங்கன் தங்கள் கோட்டைக்கு விருந்தாளியாக வருகிறார் என்று தெரிந்ததுமே, அவரைத் தீர்த்துவிட வேண்டும் என்று மேக்பெத்தின் மனைவி முடிவு செய்துவிடுகிறாள். அந்த மனுஷரோ வாசலில் நின்று, இங்கே காற்று எவ்வளவு இதமாக வீசுகிறது என்று மெச்சுகிறார்! குருவிகூட இங்கே கூடு கட்டியிருக்கிறதே என்று பாங்க்வோ வேறு சொல்கிறான்.

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். "ஐயோ, உள்ளே போகாதேன்னு யாராவது சொல்லுங்களேன்!"

மகள் துள்ளி எழுந்தாள். "இதுதாம்மா டிராமாடிக் ஐரனி! நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது."

சீரியல் பார்க்கும்போது டி.வி.யைப் பார்த்து நாம் கத்துவோமே, அதற்குக் காரணமான விஷயத்துக்கு இப்படி ஒரு பெயர்!

அதன்பிறகு தினமும் கதைதான். கொலைக்குப் போகும் முன் மேக்பெத் கண்ணுக்குக் காற்றில் ஒரு கத்தி தெரிகிறது. மேடையில் வேறு யாரும் இல்லை. மனதில் ஓடுவதை வாய்விட்டுப் பேசுகிறான். அது சாலிலக்வி. மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர்களுக்குக் கேட்காத மாதிரி சொல்வது அசைடு. இந்த இரண்டையும்தான் அவள் எப்போதும் குழப்பிக்கொள்வாள். "உன் பாட்டி எதிரில் நான் முணுமுணுத்தது அசைடு. நடுராத்திரி அடுப்படியில் தனியாப் புலம்பினது சாலிலக்வி" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்!

ஃபாயில் என்றால் மெல்லிய தகடு. நகையில் கல் பளிச்சென்று தெரிய அடியில் தகடு வைப்பார்களாம். அதிலிருந்து வந்த சொல். ஒரு பாத்திரத்தை எடுத்துக்காட்டப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பாத்திரம். எனக்கா இது புரியாது? அரக்குச் சேலையை எடுப்பாகக் காட்டும் பச்சை ரவிக்கைதானே! இங்கே அது பாங்க்வோ. அவனும் அதே குறியைக் கேட்டவன்தான். ஆனால் கத்தியைத் தூக்கவில்லை.

அதனால்தான் மேக்பெத் கெட்டது 'பேராசையால்' என்று கைடு ஒரே வார்த்தையில் முடித்திருப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. டங்கன் உறவுக்காரர், விருந்தாளி, நல்ல ராஜா என்று கொல்லக்கூடாததற்கான காரணங்களை அவனே அடுக்குகிறான். தெரிந்தே செய்கிறான். மனைவி மட்டும் என்ன? கையில் ரத்தமா, கழுவினால் போச்சு என்றவள், பிறகு தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத கறையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். அந்த இடத்தை மகள் சொன்னபோது இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அரியர் பரீட்சை எழுதிவிட்டாள். பாங்க்வோவைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாளாம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. இப்போது 'ஒத்தெல்லோ' ஆரம்பித்திருக்கிறோம். ஸ்ட்ராபெர்ரி எம்ப்ராய்டரி போட்ட ஒரு கைக்குட்டை. நேற்று அது தவறி விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் கொடுக்க வேண்டிய ரவிக்கை இரண்டு பாக்கி. எனக்கு வேலையே ஓடவில்லை.