தைலக் கொட்டகை

பள்ளி விட்டதும் பை திண்ணையில் விழும். கால்கள் தைலக் கொட்டகைக்கு ஓடும். கோத்தகிரிக்குக் கீழே ஓடைக்கரையில் இருந்தது அது. தண்ணீர் ஓடாத இடத்தில் தைலம் காய்ச்ச முடியாதே! பெண்கள் கற்பூர மரத்தடியில் சருகு கூட்டி, சாக்குகளில் சுமந்துவந்து கொட்டுவார்கள். அதன் யூகலிப்டஸ் என்ற பெயரைப் பள்ளிப் புத்தகத்தில்தான் பார்த்தோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தை, விறகுத் தேவைக்காக 1843 முதல் நீலகிரியில் நட்டார்கள் ஆங்கிலேயர்கள்.

இளங்கன்றின் இலை திருநீறு பூசிய மாதிரி வெளுத்து, அகன்று இருக்கும். வளர்ந்த மரத்திலோ நீண்டு வளைந்து தொங்கும். பச்சை இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே புள்ளி புள்ளியாய்த் தெரியும். அத்தனையும் எண்ணெய்ப் பைகள். காய்களைப் பொறுக்கிப் பம்பரம் விடுவோம்.

கொட்டகைக்கார மாமா பெரிய அண்டாவின் அடியில் தண்ணீர் விட்டு, மேலே சருகை மிதித்து அடைப்பார். மூடியைச் சுற்றிக் களிமண் பூசிவிட்டுத் தீ மூட்டுவார். நீராவி சருகுக்குள் புகுந்து, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு, ஓடைத் தண்ணீரில் முங்கிக் கிடக்கும் குழாய் வழியே போய்க் குளிரும். முனையில் சொட்டுவது பாத்திரத்தில் நின்றதும் பிரிந்துவிடும்: மேலே தைலம், கீழே தண்ணீர். வெந்த சருகு காய்ந்தபின் அதுவே அடுத்த அண்டாவுக்கு எரிபொருள்.

தைலத்தின் நெடிக்குக் காரணம் சினியோல் என்று கல்லூரியில் படித்தேன். 1870இல் அதற்கு யூகலிப்டால் என்று பெயர் வைத்தவர் குளோயெஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அது தனியாகக் கொதிக்க 176 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பிவிடும். அதற்கு மாமாவின் விறகடுப்பே போதும். பாயசத்தில் போடும் ஏலக்காயின் மணத்திலும் பெரும்பங்கு இதே சினியோல்தான். இருமல் மிட்டாயிலும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் இது சேர்கிறது.

சளி பிடித்தால் அப்பாயி வெந்நீரில் இரண்டு சொட்டுத் தைலம் விட்டு, போர்வைக்குள் உட்காரவைப்பார். கண் எரியும், மூக்கு திறந்த மாதிரி இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்புகளைச் சினியோல் தூண்டுவதும் அதற்கு ஒரு காரணம். தைலப் புட்டியை எங்கள் கைக்கு எட்டாதபடி பரணில்தான் வைப்பார். அப்பாயி செய்தது சரி. சில மில்லி விழுங்கினாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே தைலம் தடவாதீர்கள். யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.