ஒன்றரை மணி நேரம்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். வான்வழியே நேராக அளந்தால் சுமார் 525 கிலோமீட்டர். ரயிலில் என்றால் 650 கிலோமீட்டர், ஒரு ராத்திரி முழுக்க. ஒரு வாய்தாவுக்காகத்தான் இந்தக் கணக்கையெல்லாம் நாங்கள் போட்டுப் பார்த்தோம்.

வன்கொடுமை வழக்கு ஒன்றில் முக்கியமான சாட்சி எங்கள் தம்பி ஒருவன். சம்பவத்துக்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்கு வந்து சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். சம்மன் ஊர் முகவரிக்குப் போயிருக்கிறது. அவன் அம்மா போன் போட்டுச் சொன்னபோது நடுவில் ஒரே நாள்தான் இருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் வேறு. தட்கல் இரண்டு நிமிடத்தில் காலி. ஆம்னி பஸ் கட்டணம் விமானக் கட்டணத்தை எட்டிப்பிடிக்கும் வாரம் அது. ஆளுக்கொரு தொகை போட்டு அவனுக்கும் துணைக்கு எங்களில் ஒருவருக்கும் விமான டிக்கெட் எடுத்தோம்.

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் போகவேண்டும் என்று 2017-இல் உடான் திட்டத்தின் முதல் விமானத்தைத் தொடங்கிவைத்தபோது பிரதமர் சொன்னார். தம்பி காலிலும் ஹவாய் செருப்புதான். அவன் அண்ணன் ஊர்த்தெருவில் செருப்போடு நடந்ததில் ஆரம்பித்த வழக்குதான் இது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றரை மணி நேரம், நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பதோடு முடிகிறது. ஏடிஆர் விமானம் ஆகாயத்தில் இருப்பது அதைவிடக் குறைவு. தம்பியின் கணக்கோ பெரும்பாக்கத்தில் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கியது. வாகைக்குளத்தில் இறங்கி, மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, நீதிமன்ற வாசலுக்குப் போகும்போது பத்தேகால். பதினொன்றரைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். வழக்கு தள்ளிப்போனது. சாட்சிகள் வந்திருந்தால் நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும், ஒத்திவைத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு.

இன்னொன்றும் சட்டத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவில்லை. 1995 விதிகளில் 11-ஆவது விதியைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் போகவர ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம், அல்லது பஸ், டாக்ஸிக்கு ஆன கட்டணம் தரவேண்டும். எங்கிருந்து? வீட்டிலிருந்து, இல்லையென்றால் உண்மையில் தங்கியிருக்கும் இடத்திலிருந்து. சென்னைக்கு விரட்டப்பட்டவனுக்குச் சென்னையிலிருந்தே தூரத்தைக் கணக்கிட வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தினப்படியும் உண்டு. பெண்கள், சிறுவர்கள், அறுபது தாண்டியவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். இவ்வளவும் உடனே, அதிகபட்சம் மூன்று நாளுக்குள் கிடைக்க வேண்டும்.

பணம் கேட்டுப் போன அலுவலகத்தில் போர்டிங் பாஸைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

"பிளைட்ல வர்றவனுக்கு எதுக்குப்பா பஸ் காசு?"

விமானக் கட்டணம் விதியில் இல்லைதான். அதனால் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணத்தையும், போன கூலிக்கு ஈடான படியையும் கேட்டு எழுதிக் கொடுத்தோம். ஊர் முகவரியைக் காட்டி உள்ளூர் பஸ் கட்டணம்தான் தருவோம் என்றார்கள். தம்பியின் வாடகை ரசீதை இணைத்து மறுபடி கொடுத்திருக்கிறோம். நீங்கள் சாட்சியோடு போனால், ஆஜரானதற்கான சான்றை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

மூன்று நாள் போய் ஆறு வாரம் ஆகிவிட்டது. அடுத்த வாய்தா மார்ச் மாதம். ரயில் டிக்கெட் எடுத்துவிட்டோம்.